எட்டுப் பேர் கூடும் அறை: திருச்சபையின் சிறு குழுக்கள் ஓர் அறிமுகம்

மும்பையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நாள். லோக்கல் ரயிலுக்கோ அதுவே மெகா பிளாக் நாள். தாராவியின் ஒற்றை அறையில் வாழ்க்கையைத் தொடங்கி, பிள்ளைகள் வளர வளர இடம் போதாமல் டோம்பிவிலிக்கோ கல்யாணுக்கோ குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வீடு மாறினாலும் இவர்கள் சபை மாறுவதில்லை. தண்டவாளப் பராமரிப்புக்காக வண்டிகள் குறைக்கப்படும் அந்தப் பகலில் இரண்டு பிள்ளைகளையும் வேதாகமப் பையையும் சுமந்துகொண்டு சயான் வரை வந்து, பிரசங்கம் பாதி நடக்கும்போது பின்வரிசையில் அமர்ந்து, ஆசீர்வாதம் முடிந்த கையோடு திரும்பும் வண்டியைப் பிடிக்க ஓடுகிற ஒருவர், பத்து ஆண்டுகள் ஒரே சபைக்குப் போன பிறகும் அங்கே தம்மைப் பெயர் சொல்லி விசாரிக்கக்கூடிய நான்கு பேரைச் சம்பாதித்திருக்க மாட்டார். "உங்கள் பகுதியின் ஜெபக்குழு வெள்ளிக்கிழமை இரவு கூடும்" என்று அறிவிப்பு நேரத்தில் வாரந்தோறும் வாசிக்கப்படுவதை அவர் கேட்டிருப்பார், போயிருக்க மாட்டார். அவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

பெயரும் பொருளும்

சபைக்குச் சபை இதன் பெயர் வேறுபடும். ஜெபக்குழு, ஐக்கியக்குழு என்று சிலர் சொல்வார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் செல் குரூப், கேர் செல் என்ற பெயர்கள் பரவலாக வழங்குகின்றன. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் அன்பியம் என்ற அழகான சொல்லையே உருவாக்கிக்கொண்டார்கள். ஒரு சபையைச் சேர்ந்த, அருகருகே வசிக்கும் ஏறத்தாழ எட்டு முதல் பன்னிரண்டு பேர், வாரம் ஒருமுறையோ இரு வாரங்களுக்கு ஒருமுறையோ ஒரு வீட்டில் கூடி, வேதப்பகுதி ஒன்றை வாசித்து, அதைப் பற்றிப் பேசி, ஒருவருக்காக ஒருவர் ஜெபித்து, அந்த ஜெபம் தங்களிடம் கேட்கும் வேலையையும் சேர்ந்து செய்வது என்பதே எல்லாப் பெயர்களுக்கும் பொதுவான பொருள். கடைசியாகச் சொன்ன அந்த வேலை பெரும்பாலான விளக்கங்களில் விடுபட்டுப்போகிறது. குழுக்கள் ஓரிரு ஆண்டுகளில் சலித்துக் கலைந்துபோவதற்கும் அதுவே முதற்காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நம்மவர்கள் அறிந்த வீட்டு ஜெபத்தையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிறந்தநாள், திருமண நாள், புதுவீட்டுப் பிரதிஷ்டை என்று ஒரு காரணத்தை முன்னிட்டுப் போதகரை அழைத்து, பாய் விரித்து, அவர் செய்தி கொடுக்க நாற்பது பேர் கேட்டு, சாப்பிட்டுக் கலைவது வீட்டு ஜெபம். திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்தவர்கள் உடன் கொண்டுவந்த நல்ல வழக்கம் அது. ஆனால் அங்கேயும் பேசுபவர் ஒருவர், கேட்பவர் பலர். சிறு குழுவில் அந்த ஏற்பாடு மாறுகிறது. அங்கே ஒவ்வொருவரும் வாய் திறந்தாக வேண்டும், ஒவ்வொருவரும் விசாரிக்கப்பட்டாக வேண்டும்.

ஏன் பன்னிரண்டைத் தாண்டக் கூடாது என்கிறார்கள்? எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். 6 பேர் இருக்கும் அறையில், இருவர் இருவராக எண்ணினால், 15 உறவுகள் உண்டு. 12 பேர் என்றால் அது 66 ஆகிறது. 20 பேர் என்றால் 190. அத்தனை உறவுகளையும் ஒரு வாரத்தின் ஒன்றரை மணி நேரத்தில் யாராலும் தாங்க முடியாது. எனவே, கூட்டம் பெருத்தவுடன் நன்றாகப் பேசத் தெரிந்த நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். பத்துக்குப் பத்து அடி அறையில் குடியிருக்கும் தாராவிக்காரருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை, அறையே சொல்லிவிடும்.

வீட்டிலிருந்து வந்த சபை

இது புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணுகிறவர்கள் உண்டு. உண்மையில் கட்டடம்தான் பிந்தி வந்தது. முதல் மூன்று நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் வீடுகளில்தான் கூடினார்கள். சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் உள்ள டூரா யூரோப்போஸ் என்ற இடத்தில், மூன்றாம் நூற்றாண்டில் ஆராதனைக்காக மாற்றியமைக்கப்பட்ட ஒரு சாதாரண வீட்டை அகழ்வாய்வாளர்கள் 1930களில் கண்டெடுத்தார்கள். ஞானஸ்நானத் தொட்டியும் சுவரோவியங்களும் அதில் இருந்தன. 313-இல் ரோமப் பேரரசில் கிறிஸ்தவ வழிபாட்டுக்குச் சட்ட அனுமதி கிடைத்த பிறகே பெரிய ஆலயங்கள் பரவலாக எழுந்தன.

புதிய ஏற்பாட்டிலேயே இந்த வீடுகளின் சொந்தக்காரர்கள் பெயரோடு வருகிறார்கள். அவர்களில் மும்பைத் தமிழருக்கு மிகவும் நெருக்கமான தம்பதி ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும்தான். பேரரசன் கிலவுதியு யூதர்களை ரோமாபுரியை விட்டு வெளியேறச் சொன்னபோது கொரிந்துவுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள். கூடாரம் செய்வது தொழில். பிழைப்புக்காக ஊர் ஊராகப் பெயர்ந்தவர்கள். அவர்கள் வீட்டில் கூடிய சபைக்குப் பவுல் வாழ்த்துச் சொல்வதை ரோமர் 16-ஆம் அதிகாரத்தில் காணலாம். ஊர்விட்டு ஊர் வந்து, தோல் வேலையும் தையலும் செய்து, அதே அறையில் பாய் விரித்து ஜெபக்கூட்டம் நடத்திய நம் பாட்டன் பாட்டிகளின் கதைக்கும் இதற்கும் அதிகத் தூரம் இல்லை.

அப்போஸ்தலர் 2:42-இல் முதல் விசுவாசிகள் உறுதியாய்த் தரித்திருந்ததாகச் சொல்லப்படும் நான்கு காரியங்களில் ஒன்றைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'அந்நியோந்நியம்' என்கிறது. கணவன் மனைவி ஒற்றுமையைக் குறிக்கவே இன்று இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம். மூலமான கிரேக்கச் சொல்லின் அடிப்படைப் பொருள் பங்குகொள்ளுதல்: சாப்பாட்டில், பணத்தில், துன்பத்தில். நல்ல உறவு வைத்துக்கொள்வது அதன் விளைவு மட்டுமே.

ஆலயங்கள் எழுந்த பின் இந்த வழக்கம் மங்கியது; அவ்வப்போது மீண்டும் துளிர்த்தது. ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரில் பிலிப் யாக்கோப் ஸ்பேனர் என்ற லுத்தரன் போதகர் 1670-இல் தம் வீட்டிலேயே ஒரு சிறு வட்டத்தைக் கூட்டத் தொடங்கினார். சாதாரண சபையாரும் வேதத்தைத் திறந்து பேசலாம் என்பது அன்றைக்குத் துணிச்சலான ஏற்பாடு. அந்தப் பக்தி இயக்கத்தின் அடுத்த தலைமுறையில் ஔகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே ஹாலே நகரில் ஏழைகளுக்கான பள்ளியையும் அநாதை இல்லத்தையும் கட்டினார். அந்த ஹாலேயோடு தொடர்புடைய பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹைன்ரிச் புளுட்ஷோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். தமிழில் அச்சான முதல் புதிய ஏற்பாடு 1715-இல் அங்கிருந்துதான் நிறைவடைந்து வெளிவந்தது. ஆகவே, தமிழ்ப் புராட்டஸ்தாந்து மரபின் வேரில் ஒரு வீட்டுக் கூட்டம் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இன்னொரு கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறு குழு என்ன செய்கிறது என்பதை அதுவே மிக நன்றாகக் காட்டுகிறது. 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஜான் வெஸ்லி என்ற ஆங்கிலிக்கன் குருவின் எழுப்புதல் இயக்கத்தைச் சேர்ந்த மெத்தடிஸ்டுகள் தங்கள் கூட்ட மண்டபத்தைக் கட்டியதால் ஏற்பட்ட கடனை எப்படி அடைப்பது என்று ஆலோசித்தார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் ஒருவர். பலர் அதற்கும் வழியில்லாத ஏழைகள் என்றார் இன்னொருவர். அப்படியானால் மிகவும் ஏழைகளாகப் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், வாரந்தோறும் நான் போய்க் கேட்கிறேன், அவர்களால் கொடுக்க முடியாததை நான் கொடுக்கிறேன் என்றார் முதலாமவர். இவ்வாறு பன்னிரண்டு பேருக்கு ஒருவராகப் பொறுப்பாளர்கள் ஏற்பட்டு, வீடு வீடாகப் போகத் தொடங்கினார்கள்.

போன இடத்தில் அவர்கள் பென்னியை மட்டும் பார்க்கவில்லை. ஒரு வீட்டில் குடி, ஒரு வீட்டில் சண்டை, ஒரு வீட்டில் நோய், ஒரு வீட்டில் ஜெபமே நின்றுபோன நிலை. அவற்றை அவர்கள் வெஸ்லியிடம் சொன்னபோதுதான், இத்தனை நாளாகத் தமக்கு வேண்டியிருந்தது இதுவே என்று அவருக்குப் புரிந்தது. வீடு வீடாகப் போவது கடினமாக இருந்ததால், பிறகு பன்னிரண்டு பேரும் ஓரிடத்தில் கூடுவதென்று ஆயிற்று. மெத்தடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பாக விளங்கிய 'வகுப்புக் கூட்டம்' கடன் வசூலில் பிறந்தது! கதவைத் தட்டிய கை எதற்காகத் தட்டியது என்பதைவிட, கதவு திறந்தபோது உள்ளே தெரிந்ததற்கு அது எப்படிப் பதில் சொன்னது என்பதே அந்தக் கதையில் என்னை ஈர்ப்பது.

மும்பைக்கும் அந்த மரபின் வாரிசு ஒருவர் வந்தார். அமெரிக்க மெத்தடிஸ்டான வில்லியம் டெய்லர் 1871-இல் பம்பாயில் கூட்டங்கள் நடத்தியபோது, மனந்திரும்பியவர்களை வீடுகளில் கூடும் சிறிய ஐக்கியக் குழுக்களாக அமைத்தார். நகரின் மெத்தடிஸ்ட் சபை அந்தக் குழுக்களிலிருந்தே எழுந்தது. கத்தோலிக்கத் தரப்பில், இலத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் 1960கள், 70களில் வளர்ந்த அடித்தளக் கிறிஸ்தவ சமூகங்களின் தாக்கத்தால், மும்பை உயர்மறைமாவட்டமும் 1980களிலிருந்து பங்குகளை, அதாவது ஆலயம் வாரியான சபைப் பகுதிகளை, தெரு வாரியான சிறு சமூகங்களாகப் பிரித்து அமைத்தது. தென்கொரியாவின் சியோலில் யோங்கி சோ என்ற பெந்தெகொஸ்தே போதகர், 1964-இல் உடல் நலிந்து விழுந்த பிறகு, பெரும்பாலும் பெண்களைப் பொறுப்பாளர்களாக வைத்து வீட்டுக் குழுக்களைக் கட்டினார். செல் என்ற பெயர் நம் காதில் இவ்வளவு பழகியதற்கு அவருடைய சபை முக்கியக் காரணம்.

அந்த ஒன்றரை மணி நேரம்

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி என்றால், மும்பையில் எட்டேகாலுக்குத்தான் ஆள் சேரும். ஒரு கீர்த்தனை, ஒரு சிறு ஜெபம், பிறகு வேதப்பகுதி. புதிதாக வருகிறவர் அஞ்சுவது இந்த இடத்தில்தான். நமக்கு வேதம் அவ்வளவாகத் தெரியாதே, ஏதாவது கேட்டுவிட்டால்? நல்ல குழுவில் அறிவைச் சோதிக்கும் கேள்வி கேட்கப்படுவதில்லை. பகுதியில் என்ன நடக்கிறது, அதற்கு என்ன பொருள், இந்த வாரம் அதை வைத்து நான் என்ன செய்வது என்ற மூன்று படிகளில் பேச்சு நகரும். முதல் படிக்குக் கண்ணும் வாசிப்பும் போதும்.

மாற்கு 2:1–12-ஐ எடுத்துக்கொள்வோம். கப்பர்நகூமில் இயேசு ஒரு வீட்டில் இருக்கிறார். வாசலில் இடமில்லாத கூட்டம். நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வருகிறார்கள். நெருங்க முடியாமல் மேற்கூரையைப் பிரித்து, படுக்கையோடு இறக்குகிறார்கள். இதைப் பிரசங்கமாகக் கேட்டால் பாவமன்னிப்பைப் பற்றி நல்ல செய்தி கிடைக்கும். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து பேசினால் வேறு சிலவும் கிடைக்கும். பிரிக்கப்பட்ட கூரை யாருடையது, அதை யார் சரிசெய்து கொடுத்தது என்று எங்கள் குழுவில் ஒரு மூதாட்டி கேட்டார். மேல்மாடி அறையை வாடகைக்கு விட்டு, மழைக்காலந்தோறும் தார்ப்பாய் போடுகிறவரின் கேள்வி அது. எந்த விளக்கவுரையும் அதை அத்தனை அக்கறையோடு கேட்டு நான் பார்த்ததில்லை. ஐந்தாம் வசனத்தில் இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று இருப்பதைக் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் கவனித்தான். 'அவன் விசுவாசத்தை' என்று இல்லையே, சுமந்தவர்களுடைய விசுவாசத்தைக் கண்டுதானே சொல்கிறார்? விசுவாசத்தை எப்படிக் காண முடியும்? கூரையில் விழுந்த ஓட்டையில்தான் அது தெரிந்தது என்றான். அன்றைக்கு அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்லவில்லை.

பொறுப்பாளரின் வேலை இந்தப் பேச்சை நடக்கவிடுவது. அவர் பிரசங்கியார் ஆகிவிட்டால் குழு இறந்துவிடும். கேள்வி கேட்டுவிட்டுப் பத்து விநாடி மௌனத்தைத் தாங்கிக்கொள்வது, நீளமாகப் பேசுகிறவரை மரியாதை குறையாமல் நிறுத்துவது, பேசாதவர் முகத்தில் ஏதோ எழுந்ததைக் கண்டு, "அக்கா, நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே" என்று வழிவிடுவது ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும், இறையியல் பட்டம் தேவையில்லை. படிப்பறிவு குறைந்தவர்கள் அதிகம் உள்ள குழுக்களுக்கு, தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாகிக் கத்தோலிக்கச் சமூகங்களில் பரவிய ஏழு படி முறை மிகவும் உதவும். ஆண்டவரை அழைத்தல், பகுதியை வாசித்தல், மனத்தில் தங்கிய சொற்களை அப்படியே திரும்பச் சொல்லுதல், மௌனமாயிருத்தல், மனத்தில் பட்டதைப் பகிர்தல், செய்ய வேண்டிய வேலையைப் பேசி முடிவெடுத்தல், ஜெபித்து முடித்தல் என்பவையே அந்தப் படிகள். யாரும் யாருக்கும் போதிப்பதில்லை, விவாதமும் இல்லை. ஆறாவது படி வேலையைப் பற்றியது என்பதை மறுபடி ஒருமுறை பாருங்கள். புராட்டஸ்தாந்துக் குழுக்கள் கடன் வாங்கிக்கொள்ள வேண்டிய படி அது.

மொழி ஒரு தனிச் சிக்கல். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தமிழைப் பேசுவார்கள். பலருக்குப் படிக்க வராது. 'அந்நியோந்நியம்' என்ற சொல்லை அவர்கள் முன் வைத்தால் வாய் மூடிக்கொள்வார்கள். பகுதியைத் தமிழில் ஒருமுறையும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஒருமுறையும் வாசித்துவிட்டு, யாருக்கு எந்த மொழி வருகிறதோ அதில் பேசலாம் என்று விட்டால் சிக்கல் பாதி தீரும். பிள்ளைகள் தமிழ் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் அதற்குரிய நேரம் இதுவல்ல.

ஜெபக்குறிப்பு நோட்டு

கூட்டத்தின் பிற்பகுதியில் ஜெபக்குறிப்புகள் கேட்கப்படும். வேலை போய்விட்டது, அம்மாவுக்குச் சர்க்கரை கூடிவிட்டது, பெண்ணுக்கு வரன் அமையவில்லை. ஒவ்வொன்றையும் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி, அடுத்த வாரம் அதைத் திறந்து "என்ன ஆயிற்று" என்று கேட்பது மிகச் சாதாரணமான வழக்கம். சிறு குழுவின் இருதயம் இதில்தான் இருக்கிறது. விசுவாசம் ஒரு துறை, சேவை இன்னொரு துறை என்று பெரிய சபைகளில் நாம் பிரித்துவிடுகிறோம். ஒன்றுக்கு வேதபாடம், மற்றதற்குச் சமூகசேவைக் கமிட்டி. சின்ன அறையில் அந்தப் பிரிவு நிற்காது. எதிரே உட்கார்ந்திருப்பவர் இரண்டு மாத வாடகை பாக்கி என்று சொல்லக் கேட்டு, கண்ணை மூடி ஜெபித்து, கண்ணைத் திறந்தால் அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார். 'ஆமென்' சொன்ன பிறகு ஒன்றும் செய்யாமல் எழுந்து போவது கஷ்டம்.

எனவே நோட்டில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளலாம். இடப்பக்கம் குறிப்பு, வலப்பக்கம், அதில் நம்மால் ஆனது என்ன, யார், எந்த நாள். எல்லாக் குறிப்புக்கும் வலப்பக்கம் நிரம்பாது. தீராத நோய்க்கு ஜெபத்தையும் உடனிருப்பையும் தவிர நம்மிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நோயாளியை மருத்துவமனை வரிசையில் காலை ஏழு மணிக்குப் போய் நின்று பதிவு செய்துகொடுக்க ஓர் ஆள் வேண்டியிருக்கும். பள்ளிக்கூட விண்ணப்பத்தை நிரப்ப ஒருவர், ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க உடன் போக ஒருவர், பரீட்சை முடியும்வரை கணக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர். பெரும்பாலான சேவை இந்த அளவில்தான் இருக்கும், இருக்கட்டும்.

தன் உறுப்பினர்களைத் தாண்டிப் பார்க்காத குழு மெல்ல மெல்ல உறவினர் சங்கம் ஆகிவிடும். மும்பையில் தமிழ்க் குழுக்களுக்கென்றே ஒரு வேலை காத்திருக்கிறது. பரேலில் 1941 முதல் இயங்கும் டாட்டா நினைவு மருத்துவமனைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக நாடெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். தமிழ் மட்டுமே தெரிந்தவர்களும் அவர்களில் உண்டு. எந்தக் கவுண்டரில் என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவருக்கு, இந்தி தெரிந்த ஒரு தமிழர் பக்கத்தில் நின்றாலே பாதி பாரம் இறங்கும். வாரத்தில் ஒரு நாள் ஒருவர் என்று முறை போட்டுக்கொண்டால் எட்டுப் பேர் கொண்ட குழு இதைச் செய்துவிட முடியும். தங்கக் குறைந்த வாடகையில் இடம், இரத்தம் கொடுக்க ஆள், ஒரு வேளை ரசஞ்சோறு என்று மற்றவை தாமாகத் தெரியவரும். வருகிறவர் என்ன மதம் என்று கேட்கத் தேவையில்லை. உதவிக்கு விலையாக அவரைக் கூட்டத்துக்கு அழைக்கவும் கூடாது. நல்ல சமாரியன் அடிபட்டவனிடம் எதையும் விசாரிக்கவில்லை.

பண விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பது நல்லது. குழுவின் பணத்தை இருவர் சேர்ந்து வைத்திருந்து, வரவு செலவை மாதம் ஒருமுறை எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டும். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வட்டிக்கும் கைமாற்றாகவும் கொடுத்து வாங்குவதைத் தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டும். கடன்பட்டவர் அடுத்த வெள்ளிக்கிழமை வர மாட்டார். ஆதிச் சபையிலேயே இதுபோன்ற நிர்வாகச் சிக்கல் வந்தது. கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப்போனார்கள் என்ற முறுமுறுப்பை அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. அப்போஸ்தலர்கள் அந்தக் குறையை அடக்கவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். மொழிச் சிறுபான்மையாக இன்னொரு மாநிலத்தில் வாழும் நமக்கு அந்த விதவைகளின் நிலை விளங்காமல் போகாது.

கெட்டுப்போகும் விதங்கள்

மிகவும் பொதுவான கேடு வம்பு. "இவருக்காக நாம் விசேஷமாக ஜெபிக்க வேண்டும்" என்று தொடங்கி, வராத ஒருவரின் வீட்டு ரகசியம் முழுவதும் வெளியே வந்துவிடும். அவரவர் குறிப்பை அவரவரே சொல்ல வேண்டும், அறையில் கேட்டது அறையோடு நிற்க வேண்டும், வாட்ஸாப்பில் யாருடைய நோயையும் கடனையும் அவர் அனுமதியின்றிப் போடக் கூடாது என்ற மூன்றையும் முதல் நாளே பேசிக்கொள்வது நலம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. வீட்டில் அடி உதை, பிள்ளைகளுக்குத் துன்பம், சாக வேண்டும் என்ற பேச்சு ஆகியவை காதில் விழுந்தால் ரகசியம் என்று மூடிவைப்பது பாவம். போதகரிடமும் மருத்துவரிடமும் தேவையானால் காவல்துறையிடமும் அழைத்துப்போவதே அப்போது செய்யத்தக்கது. ஜெபக்குழு மனநல மருத்துவமனை ஆகாது.

பலகாரப் போட்டி சிறிய விஷயமாகத் தோன்றும். முதல் வீட்டில் டீயும் பிஸ்கட்டும், அடுத்த வீட்டில் வடை, அதற்கடுத்த வீட்டில் பிரியாணி என்று ஏறிக்கொண்டே போனால், கையில் காசில்லாதவர் தம் வீட்டுக்குக் கூட்டம் வேண்டாம் என்பார், பிறகு தாமும் வராமல் நின்றுவிடுவார். டீக்கு மேல் எதுவும் இல்லை என்ற விதி ஏழைகளைக் காப்பாற்றும்.

இதைவிடப் பேசக் கூச்சமான ஒன்று இருக்கிறது. மும்பைத் தமிழ்ச் சபைகளில் குழுக்கள் பகுதி வாரியாகப் பிரிவதாகச் சொல்லப்பட்டாலும், உள்ளே நுழைந்து பார்த்தால் சில குழுக்களில் எல்லோரும் ஒரே ஊர்க்காரர்களாகவும் ஒரே சாதிக்காரர்களாகவும் இருப்பார்கள். சொந்த ஊர் விட்டு வந்தவர்களுக்கு ஊர்ப்பாசம் ஒரு பிடிமானம் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அதே தெருவில் வசிக்கும் வேறு சாதி விசுவாசி அந்த வீட்டில் காலெடுத்து வைக்கத் தயங்கினால், அங்கே நடப்பதற்கு வேறு பெயர் கொடுத்துவிடலாம். போதகர்கள் வீட்டு முகவரிப்படிதான் குழு என்று கண்டிப்பாகச் சொல்வதும், கூட்டம் எல்லா வீடுகளிலும் சுற்றி வருமாறு பார்த்துக்கொள்வதும் இதற்கு ஓரளவு மருந்து. ஒருவர் வீட்டில் இன்னொருவர் டீ குடிப்பது சிறிய காரியம் அல்லவே.

அண்டை வீட்டாரையும் நினைக்க வேண்டும். ஹவுசிங் சொசைட்டியிலும், ஒற்றை அறைகள் வரிசையாக உள்ள சால் குடியிருப்பிலும் சுவர் மெல்லியது. ஒலிபெருக்கியும் கைத்தாளமும் இல்லாமல் பாடலாம். என்ன கூட்டம் என்று கேட்பவருக்கு மறைக்காமல் பதில் சொல்லலாம். ஒன்பதரைக்கு முடிக்க வேண்டும் என்றால் ஒன்பதரைக்கே முடிக்க வேண்டும். விடிவதற்கு முன்பே குழாயில் தண்ணீர் வரும் வீட்டில், விருந்தினர் பத்தரை வரை ஜெபித்துக்கொண்டிருந்தால் அந்த வீட்டுப் பெண்மணி எத்தனை மணி நேரம் தூங்குவார்?

தொடங்குவதும் பிரிவதும்

புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் போதகரிடம் பேசட்டும். திருவிருந்தும் ஞானஸ்நானமும் சபையின் காரியங்கள். அவற்றைத் தனியே நடத்தப் புறப்படும் குழு சிறு குழுவாக நீடிக்காது, இன்னொரு சபையாகப் பிரிந்துபோகும். பிறகு, ஆறு வாரங்களுக்கு மட்டும் என்று நாள் குறித்துத் தொடங்கலாம். முடிவே தெரியாத கூட்டத்துக்கு ஒப்புக்கொள்ள மும்பைக்காரர் யாருக்கும் நேரமில்லை. ஆறு வெள்ளிக்கிழமைகள் என்றால் ஷிப்ட் மாற்றிக்கொண்டாவது வருவார்கள். மாற்கு சுவிசேஷத்தின் முதல் ஆறு அதிகாரங்கள் அதற்குப் போதும். ஆறு வாரம் முடிந்தபின் தொடரலாமா என்று எல்லோரையும் கேட்டுத் தொடர வேண்டும். பொறுப்பாளர் முதல் மாதத்திலேயே தமக்கு அடுத்த ஒருவரை அருகில் வைத்துப் பழக்க வேண்டும். அவர் ஊருக்குப் போகும் மே மாதத்தில் கூட்டம் நின்றுபோனால், அது குழுவாக இன்னும் ஆகவில்லை.

முதல் தடவை போகிறவருக்கு ஒன்றே ஒன்று. அன்று பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. பெயரைச் சொல்லிவிட்டு, மற்றதைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். சத்தமாக ஜெபிக்க வராது என்றால், வராது என்று சொல்லிவிடலாம். பிள்ளைக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சொன்னாலும் அது நோட்டில் ஏறிவிடும். அடுத்த வாரம் உங்களை அறியாத ஒருவர் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி விசாரிக்கும்போது நீங்கள் சற்றுத் தடுமாறக்கூடும்.

குழு வளர்ந்து பதினைந்தைத் தொட்டால் இரண்டாகப் பிரிய வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. அதைச் செய்வது வலிக்கும். வளர்ச்சியை இலக்கு வைத்து, ஆண்டுக்கு இத்தனை குழு என்று சபை கணக்குக் கேட்கத் தொடங்கினால், எட்டு மாதம் அழுது சிரித்த மனிதர்கள் எண்ணிக்கைக்காக வெட்டப்பட்டதாக உணர்வார்கள். அந்தக் கணக்கை நான் ஆதரிக்கவில்லை. இடம் போதாமல் பிரிவது வேறு. எங்கள் குழு அப்படிப் பிரிந்தபோது, யார் எந்த வீட்டுக்கு என்பதைவிட நோட்டு யாரிடம் இருப்பது என்பதே பெரிய பேச்சாக இருந்தது. கடைசியில் பழைய நோட்டு பழைய வீட்டிலேயே தங்கியது. புதிய குழுவின் பொறுப்பை ஏற்ற தையல்காரர், அதில் இன்னும் வலப்பக்கம் நிரம்பாத குறிப்புகளை மட்டும், தேதி மாற்றாமல், வேறொரு நோட்டின் முதல் பக்கத்தில் எடுத்தெழுதிக்கொண்டு போனார்.